அண்ணாந்து ஒட்டும் வேலை: பார்க்க வடிவு, உள்ளே பிடிப்பில்லை

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. குடிப்பதும் குளிப்பதும் கிணற்றுத் தண்ணீர். ஆகவே வீடு கட்டுகிறவர் எவரானாலும் சுவரோடு ஒரு தண்ணீர்த் தாங்கி வைக்கிறார். அதற்கு இரும்பில் ஒரு ஸ்டான்ட் வேண்டும். கேற், கிறில், லொறிப் பெட்டி, ட்ரக்டர் பெட்டி என்று பல வேலை வந்தாலும், யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன வெல்டிங் கடையின் வாடகையைக் கட்டித் தருவது இந்தத் தாங்கி ஸ்டான்ட்தான். என் கடையும் அப்படித்தான் ஓடுகிறது.

2017ஆம் ஆண்டு அப்படியொரு ஸ்டான்டால் நான் தலைகுனிந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்பவர்களுக்குப் பிரயோசனப்படும்.

வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர். 1000 லீற்றர் தாங்கி, 12 அடி உயரம், நான்கு கால். கால்களை நட்டு, மேலே சனல் போட்டு, கால் சேரும் மூலைகளில் கீழ்ப்பக்கமாக முக்கோணத் தகடு வைத்து ஒட்டினோம். அந்தக் கீழ்ப்பக்க ஒட்டை ஏணியில் ஏறி நின்று அண்ணாந்து பார்த்துத்தான் போட வேண்டும். அப்போதுதான் புதிதாக ஒரு மிக் வெல்டிங் மெஷின் வாங்கியிருந்தேன். கடைப் பெடியன் ஒருவன் அதை ஒரே வாரத்தில் பழகிவிட்டான். ஒட்டு பார்க்கக் கோத்த மணிமாலை மாதிரி இருந்தது. பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டோம்.

தாங்கியில் முக்கால்வாசி தண்ணீர் ஏறியபோது ஒரு மூலைத் தகடு கழன்றது. முக்கால்வாசி என்றால் 750 கிலோ. தாங்கி சரிந்து வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. சற்று முன்புவரை மாஸ்டரின் மனைவி அதற்குக் கீழே நின்று உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாராம். அல்லாஹ் காப்பாற்றினான்.

மாஸ்டர் என்னை ஏசவில்லை. "தம்பி, நீங்கள் செய்து தருவீங்கள் எண்டுதானே தந்தனான்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் பகுதியில் வயதான வெல்டிங்காரர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அண்ணை. கழன்ற தகட்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, உது பாக்க வடிவாய்த்தான் கிடக்கு. ஆனா உள்ளுக்குப் பிடிக்கேல்லை. மெழுகு உருக்கி மேலே ஊத்தின மாதிரி. இந்த விளிம்பைப் பாரும், வெட்டின கோடு வெட்டினபடியே இருக்கு" என்றார். உண்மைதான். தகட்டின் வெட்டு விளிம்பு உருகவே இல்லை. அதன் மேல் ஒட்டு படிந்திருந்தது, அவ்வளவுதான்.

மிக் ஏன் ஏமாற்றுகிறது

மிக் என்பதில் கம்பி தானாக ஓடி வருகிறது, காஸ் தானாக வந்து மூடுகிறது, கசடு தட்டத் தேவையில்லை. 1948இல் அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள பற்றல் ஆய்வுநிலையத்தில் இந்த முறையை உருவாக்கியபோது அது முக்கியமாக அலுமினியத்துக்கு, விலை கூடிய காஸோடு. 1953 அளவில் காபனீரொட்சைட்டு வாயுவைப் பாவிக்கும் முறை வந்த பிறகுதான் சாதாரண இரும்புக்கு மலிவாகியது. படித்தவர்கள் காபனீரொட்சைட்டில் ஒட்டுவதை மேக் என்று சொல்வார்கள். நமது கடைத்தெருவில் மிக் என்றால்தான் விளங்கும்.

ரொட் வைத்து ஒட்டப் பழக மாதக் கணக்காகும். பழகாதவன் ஒட்டினால் ரொட் ஒட்டிக்கொள்ளும், கரி பிடிக்கும், பார்த்தவுடனேயே பிழை தெரியும். மிக் அப்படியல்ல. பழகாதவன் ஒட்டினாலும் வெளியே வடிவாக வரும். சூடு போதாவிட்டாலும் கம்பி உருகி மேலே படிந்துவிடும். இதுதான் நான் மாட்டிய இடம். வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது, தண்ணீர் ஏறும்போதுதான் தெரியும்.

அண்ணாந்து ஒட்டும்போது இது இரட்டிப்பாகிறது. உருகிய இரும்பு கீழே விழப் பார்க்கும். அதற்குப் பயந்து பெடியன் சூட்டைக் குறைப்பான். சூட்டைக் குறைத்தால் பிடிக்காது. கூட்டினால் ஒழுகும். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதைப் பிடிப்பதுதான் தொழில்.

பிறகு பல மாதம் அண்ணையோடு நின்று, பழைய இரும்பில் ஒட்டி ஒட்டி உடைத்துப் பார்த்து நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன்.

உருகிய இரும்பு தலைகீழாகவும் விழாமல் நிற்பதற்குக் காரணம் அதன் மேற்பரப்பு இழுவிசை. இலை நுனியில் நீர்த்துளி தொங்குவது போல. துளி சின்னதாக இருந்தால் தொங்கும், பெருத்தால் விழும். ஆகவே உருகிய குளத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சூட்டை ஒரேயடியாகக் குறைப்பது வழியல்ல, கையை வேகமாக நகர்த்துவதே வழி. பெடியன் சட்டியில் மாவு சுற்றுவது போல அகலமாக ஆட்டி ஆட்டி ஒட்டியிருந்தான். அண்ணாந்து ஒட்டும்போது ஆட்டக்கூடாது. நேர்கோடாக ஒடுக்கமான ஒட்டு ஒன்று போட்டு, அது இறுகிய பின் பக்கத்தில் இன்னொன்று, பிறகு இரண்டுக்கும் மேலே மூன்றாவது. ஒரே தடவையில் நிரப்ப ஆசைப்பட்டால் ஒழுகும்.

மெஷினில், 0.8 மில்லிமீற்றர் கம்பியும் காபனீரொட்சைட்டும் என்றால் 17, 18 வோல்ட், 100 அம்பியருக்குக் கிட்ட, கம்பி நிமிடத்துக்கு 5, 6 மீற்றர் ஓடும். சாதாரண பொக்ஸ் பாருக்கும் 3, 4 மில்லிமீற்றர் தகட்டுக்கும் அங்கிருந்து தொடங்கலாம். இந்த அளவில் கம்பி குளத்தைத் தொட்டுத் தொட்டு, வினாடிக்கு 20 முதல் 200 தடவை வரை, சொட்டை உள்ளே விட்டுவிட்டு விலகுகிறது. சரியாக அமைந்தால் எண்ணெயில் வடை பொரியும் சத்தம் ஒரே சீராகக் கேட்கும். டப் டப் என்று வெடித்தால் வோல்ட் போதாது, அல்லது கம்பி கூடிவிட்டது. கம்பி நுனி செப்பு முனையிலிருந்து 10, 12 மில்லிமீற்றருக்கு மேல் நீளக்கூடாது. ஏணியில் நிற்கும்போது கை எட்டாமல் கம்பியை நீள விடுவார்கள். நீண்டவுடன் சூடு குறையும், காஸும் எட்டாது. என் பெடியன் செய்த முதல் பிழை இதுவே.

காஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. காபனீரொட்சைட்டு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். கீழே பார்த்து ஒட்டும்போது அது குளத்தின் மேல் படிந்து மூடும். மேலே பார்த்து ஒட்டும்போது கீழே வழிந்துவிடும். ஆகவே நிமிடத்துக்கு 12 முதல் 15 லீற்றர் விட்டு, மூக்கைக் கிட்ட வைத்துப் பிடிக்க வேண்டும். பயந்து 25, 30 என்று திறந்துவிட்டால் காஸ் சுழன்று காற்றையும் உள்ளே இழுத்து, ஒட்டு முழுவதும் ஊசித் துவாரமாகிவிடும். காசும் நட்டம். தெறிக்கும் பொரி எல்லாம் மூக்குக்குள்ளேயே விழும் என்பதால் சில நிமிடத்துக்கு ஒருதரம் இறக்கித் துப்புரவாக்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் சரிவராது.

உடம்பு நிலைதான் அரைவாசி வேலை. ஒட்டுக்கு நேர்கீழே நிற்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். முழங்கையை ஏணியிலோ சட்டத்திலோ ஊன்றி, இரண்டு கையாலும் கன்னைப் பிடித்து, கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டால் பாரம் கையில் விழாது. கேபிள் வளைந்து முறுக்கிக் கிடந்தால் கம்பி உள்ளே சிக்கி மெஷினில் குருவிக்கூடு கட்டிவிடும். ஒட்டும் முன் நெருப்பில்லாமல் ஒருதரம் கையை ஓட்டிப் பார்க்கச் சொல்வார் அண்ணை. நடுவில் கை எட்டாமல் போகும் இடம் அப்போதே தெரிந்துவிடும்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நைலோன் கலந்த சேர்ட்டோடு அண்ணாந்து ஒட்டக்கூடாது, பொரி விழுந்தால் தோலோடு ஒட்டிவிடும். கழுத்து மூடிய தோல் அங்கி, தொப்பி, காதுக்கு அடைப்பு, சப்பாத்துக்கு வெளியே விழும் காற்சட்டை. காதுக்குள் ஒரு பொரி போனவனைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வான். எங்கள் ஊரில் கிடுகு வேலியும் பனை மரக் கூரையும் இருப்பதால், வாளியில் தண்ணீரோடு ஒருவர் கீழே நிற்பதும் அவசியம்.

சோழகமும் மிக்கும்

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோழகக் காற்று. அது ஓய்ந்தால் வாடை. மிக் காஸுக்குப் பகை காற்று. மணிக்கு 8 கிலோமீற்றர் காற்று, அதாவது மரத்து இலை அசையும் அளவு காற்றே, காஸைக் கலைத்துவிடும். 12 அடி உயரத்தில் சோழகத்தில் மிக் ஒட்டுவது தண்ணீரில் எழுதுவது மாதிரி. மாஸ்டர் வீட்டு வேலை ஆடி மாதத்தில் நடந்தது என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

மூன்று வழி இருக்கிறது. படங்கு கட்டி மறைத்து ஒட்டலாம். அல்லது காஸ் தேவைப்படாத, உள்ளே மருந்து நிரப்பிய கம்பியைப் பாவிக்கலாம். அப்படிப் பாவித்தால் மெஷினில் கன் கேபிளையும் ஏர்த் கேபிளையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். சாதாரண கம்பிக்குக் கன் நேர்முனை, இந்தக் கம்பிக்கு எதிர்முனை. இதைச் சொல்லாமல் கம்பியை விற்கும் ஹாட்வெயார்க் கடைகள் இருக்கின்றன. வாங்கியவர் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கம்பி சரியில்லை என்று திரும்பக் கொண்டுவருவார். மூன்றாவது வழி, பழைய ரொட்டுக்கே போவது. உயரத்தில், காற்றில், பாரம் தாங்கும் மூலைக்கு இன்றும் நான் ரொட்டைத்தான் பாவிக்கிறேன். 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த தகட்டை இந்தத் தொட்டுத் தொட்டு ஒட்டும் மிக்கில் நம்பக்கூடாது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டிட உருக்கு விதிக்கோவையான டி1.1கூட இந்த முறையைச் சோதனை செய்து காட்டாமல் ஏற்றுக்கொள்வதில்லை. அவர்களுக்கே அப்படியென்றால் நமக்கு ஏன் பெருமை?

செங்குத்து ஒட்டிலும் இதே ஏமாற்று உண்டு. மேலிருந்து கீழே இறக்கி ஒட்டினால் வேகமாகவும் வழவழப்பாகவும் வரும். மெல்லிய தகட்டுக்கு அது சரி. 3 மில்லிமீற்றருக்கு மேல் என்றால் கீழிருந்து மேலே ஏற்றித்தான் ஒட்ட வேண்டும். பார்க்க அவ்வளவு வடிவிராது, ஆனால் பிடிக்கும்.

லொறிக்குக் கீழே படுத்து ஒட்டுவது வேறு கதை. பற்றரி வயரைக் கழற்றாமல் தொடங்கக்கூடாது. ஏர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குக் கிட்டவே போட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் பெயாரிங்குக்குள்ளால் ஓடி அதைக் கெடுத்துவிடும். டீசல் தாங்கி எங்கே, பிறேக் குழாய் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். கராஜ் குழிக்குள் நின்று ஒட்டுபவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். மேலே சொன்ன பாரமான காஸ் குழிக்குள் தேங்கும். கசியும் குழாயோடு குழிக்குள் நின்றால் மூச்சு முட்டும், ஏனென்றே தெரியாது. நாகம் பூசிய குழாயை ஒட்டினால் அன்று இரவு குளிர் காய்ச்சல் வரும். பால் குடித்தால் போய்விடும் என்பார்கள். பால் புகையைத் தடுக்காது. பூச்சை முதலில் கிறைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் ஒட்டுவதே வழி.

கணக்கு எங்கே பிழைக்கிறது

நமது கடைகளில் ஸ்டான்டுக்கு இவ்வளவு, கேற்றுக்கு அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறோம். ஒட்டு எந்த நிலையில் விழுகிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் கொப்பியில் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். மேசையில் வைத்து ஒட்டினால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும் ஒட்டு, ஏணியில் அண்ணாந்து ஒட்டினால் மூன்று மணித்தியாலம் போகிறது. கம்பியும் காஸும் கூட. மேசை விலையைச் சொல்லிவிட்டு அண்ணாந்த வேலையைச் செய்தால் எங்கேயோ குறைக்கத்தான் வேண்டும். குறைவது ஒட்டில்தான்.

நான் கண்ட பெரிய லாபம் அண்ணாந்து ஒட்டுவதைப் பழகியதில் வரவில்லை, அதைக் குறைத்ததில்தான் வந்தது. இப்போது ஸ்டான்டின் மேல் சட்டத்தைக் கடையிலேயே கவிழ்த்துப் போட்டு எல்லா மூலையையும் கீழே பார்த்து ஒட்டுகிறோம். பழைய லொறி அச்சு ஒன்றை இரண்டு கட்டையில் ஏற்றி, கேற்றையும் சட்டத்தையும் அதில் பூட்டிச் சுற்றும்படி ஒரு சாதனம் செய்தோம். செலவு பழைய இரும்பு விலைதான். வளவில் போய் நட்டபின் ஆணி நட்டால் முடுக்குகிறோம். அண்ணாந்து போட வேண்டிய ஒட்டு முன்பு 16 இருந்தால் இப்போது 2 அல்லது 3. அந்த இரண்டு மூன்றையும் தனியாக விலை போட்டு, வாடிக்கையாளருக்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலானோர் கொடுக்கிறார்கள்.

மெஷின் வாங்கும்போது 200 அம்பியர் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் 60 வீதம் என்றிருந்தால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமே அந்த அம்பியரில் ஓடும், நான்கு நிமிடம் ஆற வேண்டும். நமக்கு ளுஹர் இடைவேளை மாதிரி அதற்கும் உண்டு. கரண்ட் இறங்கும் வேளையில், நீளமான மெல்லிய வயரில் இழுத்து ஒட்டினால் வோல்ட் இன்னும் விழும். மீற்றர் ஒன்றைச் சொல்லும், குளம் வேறொன்றைச் சொல்லும். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் சின்ன ஜெனரேற்றரில் ஒட்டிய வேலைகள் பலவற்றை நான் பிறகு திரும்ப ஒட்டிக் கொடுத்திருக்கிறேன், சில என்னுடையவை, சில மற்றவர்களுடையவை. நோன்பு மாதத்தில் அண்ணாந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறோம். அஸருக்குப் பிறகு கை நடுங்கும்.

ஹாட்வெயார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு: எங்கள் உப்புக் காற்றில் கம்பிச் சுருள் சீக்கிரம் கறள் பிடிக்கும். மாதத்தில் இரண்டு நாள் மிக் பாவிக்கும் கடைக்காரருக்கு 15 கிலோ சுருளை விற்காமல் 5 கிலோவை விற்றால், அவர் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்.

உடைத்துப் பார்ப்பது

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நம் எல்லாருக்கும் தெரியும். மேலே காய்ந்தது, உள்ளே நனைந்தது. அண்ணை அந்தத் தகட்டைக் காட்டியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பெயின்ட் அடித்த ஒட்டுக்குள் யாரும் கைவிட்டுப் பார்க்க முடியாது. ஆகவே பெயின்டுக்கு முன்பே நாமே பார்க்க வேண்டும்.

வழி சுலபம். வேலைக்குப் பாவிக்கும் அதே தடிப்பில் இரண்டு துண்டை ட வடிவில் நிறுத்தி, அதே நிலையில், அதே செட்டிங்கில் ஒரு பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும். ஆறியபின் ஒட்டுள்ள பக்கமாகச் சம்மட்டியால் அடித்து மடித்து உடைக்க வேண்டும். அடிமூலை உருகிக் கலந்திருந்தால் சரி. வெட்டின கோடு பளபளவென்று அப்படியே தெரிந்தால் பிடிக்கவில்லை. பத்து நிமிட வேலை, செலவு இரண்டு துண்டுப் பழைய இரும்பு. இப்போது என் கடையில் இப்படி உடைத்துக் காட்டாமல் எவரும் ஏணியில் ஏறுவதில்லை, நான் உட்பட. வாடிக்கையாளரைப் பெயின்டுக்கு முன் கூப்பிட்டு மூலைகளைக் காட்டுகிறோம்.

பெடியன்களுக்குச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பதிலும் நம்மவர்கள் பின்னிற்கிறோம். கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவான் என்ற பயம். தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. கடையிலேயே பழகியவர்கள் அனுபவத்தைக் காட்டியும் தேசிய தொழில்சார் தகைமை பெறலாம். கட்டாருக்கோ சவூதிக்கோ போக நினைப்பவனை அங்கே முதலில் சோதிப்பதே செங்குத்தும் அண்ணாந்ததும்தான். குழாயை 45 பாகையில் சாய்த்து அசையாமல் பூட்டி வைத்துச் சுற்றிவர ஒட்டச் சொல்வார்கள். மேசையில் மட்டும் பழகியவன் திரும்பி வர வேண்டியதுதான்.

யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பு பழையது. ஹாட்வெயார், பழைய இரும்பு, லொறி என்று சோனகத் தெருவைச் சுற்றி நின்ற தொழில் அது. 1990 ஒக்டோபர் 30இல் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன விடுதலைப் புலிகளின் உத்தரவோடு எல்லாம் விட்டுப்போனது. வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகள் 2009க்குப் பிறகு திரும்பி வந்து தொடங்கியபோது கையில் இருந்தது பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரம் மட்டுமே. இரும்பை நிறுத்து விற்பதில் வரும் லாபம் சிறிது, ஒட்டி விற்பதில் வருவது அதிகம். ஆனால் திரும்பி வந்தவன் ஒருவனின் ஸ்டான்ட் விழுந்தால் ஊர் அவன் பெயரை மட்டும் சொல்லாது. அந்த வாரம் முழுக்க எனக்கு உறக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாஸ்டர் வீட்டு ஸ்டான்டை முழுவதும் கழற்றிக் கொண்டுவந்து, அண்ணையை வைத்து ரொட்டால் ஒட்டி, திரும்ப நட்டோம். காசு வாங்கவில்லை. தாங்கியை நிரப்பி, கீழே கயிறு கட்டி யாரும் போகாமல் மறித்து, இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாள் மாஸ்டர் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கேற்றுக்கு அளவெடுக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

சிலிண்டர் வாடகையிலும் காஸ் நிறையிலும் நம்மவர்கள் ஏமாறும் விதம் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.